இறைத்த கிணறும் எட்டு மீட்டர் துணியும்

சங்கத் தலைவர் அவர்களே, "அண்ணா, பத்து நிமிஷம்தான்" என்று நேற்றே எச்சரித்த செயலாளர் தம்பி அவர்களே, தமிழ்ப்பள்ளி ஆசிரியைகளே, பின்னால் சாம்பாரைக் கவனித்துக்கொண்டிருக்கும் அன்பர்களே, பெர்த் வாழ் தமிழ் மக்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

'இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும்.' இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையை விட்டும் இறங்கியதில்லை. இன்று ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் பாலைவன ஓவியம் பற்றி மூன்று செய்திகள்: புள்ளி, வட்டம், வண்ணம். புள்ளிக்கு அப்புறம் வருகிறேன்.

வட்டத்துக்குள் வட்டம் இருந்தால் அது பெரும்பாலும் நீர்நிலை, அல்லது தங்குமிடம். நம் மேற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் வடக்கே, கிரேட் சாண்டி பாலைவனத்தில், வற்றாத ஊற்றுக்கு 'ஜிலா' என்று பெயர். மழை தரும் பாம்பு அதற்குள் குடியிருக்கிறது என்பது அங்குள்ள பழங்குடியினரின் நம்பிக்கை. மணல் மூடிவிடும், உரியவர்கள் போய்த் தோண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். பார்த்தீர்களா, இறைத்த கிணறு!

அந்த மக்கள் நில உரிமை கேட்டார்கள். விசாரணை ஆங்கிலத்தில், பெரியவர்கள் பேசுவதோ வல்மஜாரி, வங்கஜுங்கா போன்ற தங்கள் மொழிகள். என்ன செய்தார்கள் தெரியுமா? 1997இல் பிர்னினி என்ற இடத்தில் 8க்கு 10 மீட்டர் துணியைத் தரையில் விரித்தார்கள். இந்த மேடை அதில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. நாற்பது பேருக்கு மேல் அதன்மேலேயே உட்கார்ந்து அவரவர் ஜிலாவை வரைந்தார்கள். தீர்ப்பாயத்தார் வந்ததும் ஒவ்வொருவராக எழுந்து, துணியில் தன் ஊற்றின்மேல் போய் நின்று, தன் மொழியில் பேசினார்கள். பத்திரம் எங்கே என்றால், பத்திரத்தின் மேலேயே ஏறி நிற்பது! (கைதட்டல்) 2007 நவம்பரில் 75,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் அவர்கள் நிலம்தான் என்று தீர்ப்பானது.

சரி, நான் வந்த காரியம் இதுதான். அந்த வட்டத்தை வரைய ஊற்றோடு உறவு வேண்டும். நாம் ஊருக்கு வாங்கிப் போகும் பூமராங்கில் இருப்பது யார் வட்டம்? இந்தோனேசியாவில் செய்ததைப் பழங்குடியினர் கைவேலை என்று விற்ற மொத்த வியாபாரிக்கு 2019இல் 23 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. வரைந்தவர் பெயரைக் கேளுங்கள். பழங்குடிகளே நடத்தும் கலை மையங்களில் வாங்குங்கள். இறைத்தால்தானே ஊறும்?

செயலாளர் தம்பி சீட்டு நீட்டிவிட்டார். புள்ளியும் வண்ணமும் அடுத்த ஆண்டு. அந்த மேசையில் எனக்கு ஒரு பூமராங் காத்திருப்பது தெரிகிறது. நன்றியோடு வாங்கிக்கொள்கிறேன், ஆனால் உங்கள் முன்னாலேயே திருப்பி, பின்பக்கம் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பேன்.