கூழ் குடித்த மரம்

எல்லோருக்கும் வணக்கம். மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி நாட்டில் இருக்கும் டோகோன் மக்களின் மரச்சிலை என்றதும் என் கண்ணில் முதலில் நிற்பது அதன் முகமோ கையோ இல்லை, மேலே படிந்திருக்கும் பொருக்குதான். இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கிய ஒல்லியான உருவம், கிட்டப் போய்ப் பார்த்தால் கண் எது மூக்கு எது என்றே தெரியாதபடி சாம்பலும் கறுப்புமாக ஏதோ காய்ந்து வெடித்து அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும். அது கம்பங்கூழ். பலி கொடுத்த கோழி, ஆட்டின் ரத்தமும் கலந்திருக்கும். (நாம் சாப்பிடும் கம்பும் ஆதியில் அந்த மாலிப் பக்கம் பயிராகி இங்கே வந்ததுதான்.)

மாலியில் பாண்டியாகரா என்று சுமார் 150 கிலோமீட்டர் நீளத்துக்குச் செங்குத்தான பாறை நிற்கிறது. டோகோன் மக்களின் ஊர்கள் அதன் மேலும் அடியிலும் இருக்கின்றன. அவர்களுக்கு முன்னால் அங்கே இருந்த தெல்லெம் மக்கள் இறந்தவர்களைப் பாறைக்குகைகளில் வைத்தார்கள், கை தூக்கிய பழைய சிலைகள் சிலவற்றை அவர்களுடையவை என்கிறார்கள். அது மழை கேட்கும் கை என்று பலரும் சொல்வார்கள். மழை தப்பினால் கம்பு இல்லை என்கிற மண்ணில் அது எனக்குச் சரியாகவே படுகிறது.

அவர்களின் படைப்புக் கடவுள் பெயர் அம்மா. நம் சொல்லோடு அதற்கு உறவில்லை, அது ஆண் கடவுள். சிலை செதுக்குகிறவர் ஊர்க் கொல்லர். செதுக்கி முடித்த அன்று அது மரம்தான். பீடத்தில் வைத்து, இருட்டறையில், கூழ் ஊற்ற ஊற்றத்தான் 'நியாமா' என்கிற உயிர்ச்சக்தி அதில் ஏறுகிறது. அதனால் அதை அழகுக்காகச் செய்தது என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு ஒப்பாது.

அர்த்தம் சொல்வதிலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். 1946இல் பிரெஞ்சு மானிடவியலாளர் மார்சல் கிரியோல், ஒகோதெம்மேலி என்ற பார்வையிழந்த டோகோன் பெரியவரிடம் கேட்டு எழுதிய புராணத்தை வைத்தே எல்லாச் சிலைக்கும் விளக்கம் சொல்லிவந்தார்கள். பிறகு அதே ஊர்ப்பக்கம் வேலை செய்த வால்டர் வான் பீக் என்ற மானிடவியலாளர், மக்களிடம் அந்தக் கதை காணவில்லை என்று 1991இல் எழுதினார். கூழ் ஊற்றும் வழக்கத்தில் அப்படிச் சந்தேகம் இல்லை, அது சிலை மேலேயே இருக்கிறது.

அப்புறம் முகமூடி. இறப்புக்குச் சில வருஷம் கழித்து 'தாமா' சடங்கு நடக்கும்போது கனகா முகமூடி போட்டவர் இடுப்பிலிருந்து சுழன்று, தலைக்கு மேலிருக்கும் இரட்டைக் குறுக்குக்கட்டை தரையைத் தொடும்படி குனிந்து நிமிர்வார், ஊரிலேயே தங்கிவிட்ட உயிரை முன்னோர்களிடம் அனுப்பிவைக்க.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒரு டோகோன் தம்பதி உட்கார்ந்திருக்கிறார்கள். ஆணின் கை பெண்ணின் கழுத்தைச் சுற்றியிருக்கிறது. பெரிய மனிதர்களின் சாவுச் சடங்கில் வெளியே எடுத்து வைத்த சிலையாக இருக்கலாம் என்கிறார்கள். முன்னால் மட்டும் நின்று பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள், பின்னாலும் போங்கள்: அவன் முதுகில் அம்பறாத்தூணி, அவள் முதுகில் குழந்தை.