காய்ச்சல் வரும் ஊசியும் வராத ஊசியும்

அவையோருக்கு வணக்கம். கக்குவான் இருமலுக்கு இருவகைத் தடுப்பூசிகள் உண்டு. ஒன்றில் நோய்க் கிருமியை முழுதாகக் கொன்று செலுத்துகிறார்கள். மற்றதில் அக்கிருமியிலிருந்து பிரித்துத் தூய்மையாக்கிய சில புரதங்களை மட்டும் செலுத்துகிறார்கள். தமிழ்நாட்டில் 2011 டிசம்பரில் அறிமுகமாகி, 6, 10, 14-ஆம் வாரங்களில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் குழந்தையின் தொடையில் போடப்படும் பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்த் தடுப்பூசியில் இருப்பது முதல் வகை. ஊசி போட்ட இடம் வீங்கி, குழந்தை இரவெல்லாம் அழுவதற்கும், செவிலியர் பாரசிட்டமால் கொடுத்து அனுப்புவதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம். ‘வலியில்லா ஊசி’ என்று தனியார் மருத்துவமனைகளில் கூடுதல் விலைக்குப் போடுவது இரண்டாம் வகை.

இவ்விரண்டின் வேறுபாடு உடலின் நோயெதிர்ப்பில் தொடங்குகிறது. அதை நடத்தும் வெள்ளணு வகையான டி செல்லுக்குக் கிருமியைத் தானாக அடையாளம் காணத் தெரியாது. டென்ட்ரிடிக் செல் என்னும் காவல் செல் அக்கிருமியின் புரதத் துணுக்கை ஏந்தி நிணநீர்க் கணுவுக்குச் சென்று காட்ட வேண்டும். கூடவே, வந்திருப்பது ஆபத்தான விருந்தாளிதான் என்று உறுதியும் சொல்ல வேண்டும். அந்த உறுதியைத் தருவதற்கு, கிருமிகளுக்கே உரிய மூலக்கூறுகளை உணரும் ஏற்பிகள் நமக்குப் பிறவியிலேயே அமைந்திருக்க வேண்டும் என்று 1989-இல் நோயெதிர்ப்பியல் அறிஞர் சார்லஸ் ஜேன்வே, எந்த ஏற்பியும் கைக்குக் கிட்டாத நிலையிலேயே கணித்தார். 1997-இல் அவரும் ருஸ்லான் மெட்ஜிடோவும் அத்தகைய மனித டோல் ஏற்பி ஒன்றை விவரித்தார்கள். பாக்டீரியாவின் வெளிச்சவ்வு நச்சை, டிஎல்ஆர் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இந்த ஏற்பிகளில் ஒன்றான டிஎல்ஆர்4 உணர்கிறது என்பதை மறு ஆண்டே புரூஸ் பாய்ட்லரின் குழு காட்டியது.

முழுக்கிருமி ஊசியில் அந்த நச்சின் மிச்சம் இருக்கிறது. அதை டிஎல்ஆர்4 உணர்ந்ததும் டென்ட்ரிடிக் செல் இன்டர்லூகின்-12, 23 முதலிய சமிக்ஞைப் புரதங்களைச் சுரக்க, டி செல்கள் டிஎச்1, டிஎச்17 என்னும் வகைகளாக முதிர்ந்து, மூச்சுப்பாதைக்குக் கிருமியை விழுங்கும் நியூட்ரோஃபில் வெள்ளணுக்களை அழைத்துவரும் திறன் பெறுகின்றன. புரத ஊசியில் நச்சு நீக்கப்பட்டு, அலுமினிய உப்பு மட்டுமே தூண்டுபொருளாக நிற்பதால், எதிர்ப்பொருள் நன்றாகச் சுரந்தாலும், டி செல்கள் டிஎச்2 என்னும் வேறு வகையின் பக்கம் சாய்கின்றன. அமெரிக்காவில் பபூன் குரங்குகளிடம் நடந்த ஆய்வில், புரத ஊசி பெற்றவை நோயிலிருந்து தப்பினாலும், கிருமியைத் தொண்டையில் சுமந்து பிறவற்றுக்குப் பரப்பின. 1990-களில் புரத ஊசிக்கு மாறிய அந்நாட்டில், 2012-இல் சுமார் 48,000 பேருக்குக் கக்குவான் இருமல் பதிவானது. நோயறியும் முறைகள் மேம்பட்டதற்கும் இதில் பங்குண்டு.

எனக்கு வியப்பளிப்பது முதல் தவணையின் செல்வாக்கு. கைக்குழந்தைப் பருவத்தில் புரத ஊசி பெற்றவர்களுக்கு, பல ஆண்டுகள் கழித்து ஊக்கத் தவணை போட்டாலும், டி செல்கள் பழைய சாய்வை விடுவதில்லை. இதனால் காய்ச்சல் அடித்தால்தான் ஊசி வேலை செய்கிறது என்று யாரும் கருதிவிடக் கூடாது. காய்ச்சல் வராத குழந்தையிடமும் ஏற்பிகள் தம் வேலையைச் செய்கின்றன.

நச்சைச் சுமக்காமல் ஏற்பியை மட்டும் தொடுவதே இப்போதைய முயற்சி. கோவிட் தடுப்பூசியான கோவாக்சினில் அலுமினிய உப்போடு டிஎல்ஆர்7, டிஎல்ஆர்8 ஆகியவற்றைத் தூண்டும் சிறு மூலக்கூறு ஒன்றை ஒட்டியதும், மற்றொரு கோவிட் தடுப்பூசியான கோர்பேவாக்ஸில் டிஎல்ஆர்9-ஐத் தூண்டும் சிபிஜி டிஎன்ஏ துணுக்கைச் சேர்த்ததும், டி செல்களை டிஎச்1 பக்கம் திருப்புவதற்காகத்தான்.