முந்திரி மரத்தில் செதுக்கிய அம்மன்: பட்டானியின் லிம் கோ நியாவ்

[காட்சி: பட்டானி கடைத்தெரு, சிவப்பு விளக்குகள், ஊதுவத்திப் புகை]

தாய்லாந்தின் தெற்கே, மலேசிய எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது பட்டானி. மலாய் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மாகாணம். அங்கே பழைய சீனக் கடைத்தெருவில் உள்ள லெங் சூ கியாங் கோயிலுக்குத்தான் இப்போது போகிறோம். முதலில் இது, தென்கிழக்குச் சீனாவைப் பூர்வீகமாகக் கொண்ட ஹொக்கியன் சீனர்களின் தெய்வமான சோ சூ கோங்குக்கான கோயில். ஆனால் இன்று கூட்டம் வருவது, பிறகு வந்து சேர்ந்த லிம் கோ நியாவ் அம்மனைப் பார்க்க.

[காட்சி: அம்மன் சன்னதி]

யார் இவர்? கதை 16ஆம் நூற்றாண்டில் நடக்கிறது. அண்ணன் லிம் தோ கியாம் சீனாவிலிருந்து பட்டானிக்கு வந்து, இஸ்லாத்தைத் தழுவி, இங்கேயே கல்யாணமும் செய்துகொள்கிறான். அவனை வீட்டுக்கு அழைத்துப்போகக் கப்பலேறி வருகிறாள் தங்கை. மசூதி கட்டும் வேலை பாதியில் நிற்கிறது, வர முடியாது என்கிறான் அவன். மனமுடைந்த தங்கை, இந்த மசூதி ஒருநாளும் முடியாது என்று சபித்துவிட்டு ஒரு முந்திரி மரத்தில் தூக்குப்போட்டு இறந்துவிடுகிறாள். அந்த மரத்தில் செதுக்கியதுதான் இந்தச் சிலை என்பது நம்பிக்கை.

தங்கையைப் பற்றி நமக்குக் கிடைப்பது கதைதான். அண்ணனோ வரலாற்றில் இருக்கிறான். அப்போது சீனாவை ஆண்ட மிங் அரசு தேடிய பெரிய கடற்கொள்ளைக்காரன்!

[காட்சி: செங்கல் வளைவுகள், குவிமாடம் இல்லாத கூரை]

சரி, அந்த மசூதி? நகரத்துக்கு வெளியே சில கிலோமீட்டர் தள்ளி, க்ருசே மசூதி. அம்மனின் சமாதியும் அதன் பக்கத்திலேயே இருக்கிறது. மசூதிக்குக் குவிமாடம் இல்லாதது உண்மை. அதற்குச் சாபம்தான் காரணம் என்பதை உள்ளூர் முஸ்லிம்கள் ஏற்பதில்லை. தங்கள் தொழுகையிடத்தைச் சபிக்கப்பட்ட இடம் என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? 2004 ஏப்ரல் 28 அன்று, இதற்குள் பதுங்கிய கிளர்ச்சியாளர்கள் 32 பேரைத் தாய்லாந்து ராணுவம் சுட்டுக் கொன்றது. அந்த ரணம் ஆறாத ஊர் இது. அதனால் சாபக் கதையைக் கோயிலில் ஆர்வமாகக் கேளுங்கள். மசூதி வாசலில் நின்று வேடிக்கையாகப் பேசாதீர்கள்.

[காட்சி: பல்லக்கு ஊர்வலம்]

போவதற்கு நல்ல சமயம், சீனப் புத்தாண்டுக்குப் பிறகு வரும் முதல் பௌர்ணமியை ஒட்டிய திருவிழா. பெரும்பாலும் பிப்ரவரி அல்லது மார்ச்சில் வரும். சைவ உணவு விரதம் இருந்தவர்கள் தெய்வங்களின் பல்லக்கைச் சுமந்தபடி பட்டானி ஆற்றில் இறங்கி நீந்துவார்கள். அப்புறம் கோயில் முன்னால் அதே பல்லக்குகளோடு தீமிதி.

கூட்டம் அதிகமிருக்கும், தங்குமிடத்தை முன்பே பார்த்துவையுங்கள். தென் மாகாணங்களில் இன்னும் அவ்வப்போது வன்முறை நடக்கிறது. அரசின் பயண எச்சரிக்கையைப் படித்த பிறகே டிக்கெட் எடுங்கள்.