கொசுவின் ஆயுளும் வைரஸின் அவசரமும்

நண்பர்களே, டெங்கு பற்றிப் பேச வந்தவர் காட்மாண்டுவில் தொடங்குகிறாரே என்று நினைக்க வேண்டாம். சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர் அது. நேபாளத்தின் தெற்கே இருக்கிற தராய்ச் சமவெளிக்கு, மலேரியாக் காய்ச்சலுக்குப் பயந்து, மலை மக்கள் ஒரு காலத்தில் குளிர்காலத்தில் மட்டும்தான் இறங்குவார்கள். வெயில் ஏறுவதற்குள் மேலே திரும்பிவிடுவார்கள். உயரம்தான் அவர்களுக்குக் காவல்.

அந்தக் காவல் தளர்ந்துவிட்டது. நேபாளத்தில் முதல் டெங்கு நோயாளி பதிவானது 2004இல். 2022இல் 54,000 பேருக்கு மேல். 77 மாவட்டங்களில் ஒன்றுகூடத் தப்பவில்லை. அதிகம் அடிபட்டது காட்மாண்டுப் பள்ளத்தாக்கு.

டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசு ஒரு நோயாளியைக் கடித்த கையோடு அடுத்தவருக்கு நோயைக் கொடுத்துவிட முடியாது. வைரஸ் அதன் குடலில் பெருகி, எச்சில் சுரப்பி வரை போய்ச் சேர வேண்டும். 25 டிகிரியில் இதற்குச் சுமார் இரண்டு வாரம் ஆகும். 30 டிகிரியில் ஒரு வாரமே போதும். கொசு உயிரோடு இருப்பதே இரண்டு மூன்று வாரம்தான். குளிர்ந்த ஊரில் வைரஸ் தயாராவதற்குள் கொசுவின் கதை முடிந்துவிடும். மலையில் குளிர் குறையக் குறைய அந்தக் கணக்கு மாறுகிறது.

சரி, வெயில் ஏற ஏற நோயும் ஏறிக்கொண்டே போகுமா? போகாது. மலேரியா பரவத் தோதான வெப்பம் 25 டிகிரியை ஒட்டியது, டெங்குவுக்கு 29. அதற்கு மேல் ரொம்பப் போனால் கொசுவே தாங்காது. இதைச் சொல்லாமல் வெறுமனே பயமுறுத்துகிறவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

அப்புறம், எல்லாப் பழியையும் வானிலை மேல் போடவும் மனமில்லை. கொசு, பழைய டயரோடு டயராக லாரி ஏறி ஊர் ஊராகப் போகிறது. காட்மாண்டுவில் குழாய்த் தண்ணீர் தினமும் வராது. வீட்டுக்கு வீடு டிரம், தொட்டி. மழை பொய்த்தால் கொசு குறையும் என்று நினைப்போம். தண்ணீர்ப் பஞ்சத்தில் நாமும்தான் குடம் குடமாகப் பிடித்து வைக்கிறோம், ஏடிஸுக்கு அது போதும்.

அதன் முட்டை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் உள்சுவரில் கரும்புள்ளியாக ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. மறுபடி தண்ணீர் பட்டால் பொரியும். புகை அடிக்கிற வண்டி பறக்கிற கொசுவைக் கொல்லும், முட்டையை ஒன்றும் செய்யாது. டிரம்மைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும்.