தொடை பெருசாயிருச்சுன்னு ஸ்குவாட்டை நிறுத்தணுமா?

கேள்வி: மலேசியாவுல சுங்கை சிப்புட்டிலிருந்து 26 வயசு தங்கை ஒருத்தர் எழுதியிருக்காங்க. "ஒரு வருஷமா ஜிம்முக்குப் போறேன். இடுப்பு குறைஞ்சிருக்கு, ஆனா தொடை தடிச்சிருக்கு. பழைய ஜீன்ஸ் தொடையிலேயே நின்னுடுது. அத்தை எல்லார் முன்னாலயும் 'என்ன, ஆம்பள தொடை மாதிரி ஆயிருச்சு'ன்னு சொல்றாங்க. இன்னும் அஞ்சு மாசத்துல கல்யாணம். ஸ்குவாட்டை நிறுத்திடவா? தொடையை மட்டும் குறைக்க வழி இருக்கா?"

பதில்: வணக்கம்மா. முதல்லயே பதிலைச் சொல்லிடறேன். ஸ்குவாட்டை, அதாவது குந்தி எழுந்திருக்கிற பயிற்சியை, நிறுத்தாதீங்க. இடுப்பு குறைஞ்சு தொடை தடிச்சிருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. பெரும்பாலும் அதுக்கு அர்த்தம், வயித்துக் கொழுப்பு கரைஞ்சிருக்கு, தொடையில தசை ஏறியிருக்குங்கறதுதான். ஒரு வருஷம் உழைச்சு வந்த பலன் அது. அதை ஒரு குறையா எடுத்துக்கிட்டு அழிக்கப் பார்க்கிறதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு.

சந்தேகம் இருந்தா வீட்டிலேயே பார்த்துடலாம். நாற்காலியில உட்கார்ந்து ஒரு காலை நேரா நீட்டி, பாதத்தை உங்க பக்கம் இழுத்துப் பிடிங்க. தொடைக்கு மேல கை வைங்க. கெட்டியா எழும்பி நிக்கிறது தசை, அதுக்கு மேல விரலால கிள்ளினா வர்றது தோலும் கொழுப்பும். ரெண்டும் எல்லாருக்கும் இருக்கும். முன்பக்கம் நாலு தசை, பின்பக்கம் மூணு, அதோட பிட்டத்துத் தசை. அதுதான் உடம்பிலேயே பெரிய தசை. ஸ்குவாட் போட்டா முன்பக்கமும் பிட்டமும்தான் முதல்ல வளரும்.

டேப் வச்சு அளக்கிறதா இருந்தா காலையில, உடற்பயிற்சிக்கு முன்னால அளங்க. ரெண்டு கால்லயும் சமமா நின்னு, கவட்டைக்கும் முழங்கால் சிப்பிக்கும் நடுவுல. வலது காலுக்கும் இடது காலுக்கும் 1, 2 சென்டிமீட்டர் வித்தியாசம் சாதாரணம். ஜிம் முடிஞ்ச கையோட அளக்கவே அளக்காதீங்க. ரத்தம் ஏறி தசை உப்பியிருக்கும், அது கொஞ்ச நேரத்துல வடிஞ்சிடும். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இன்னொண்ணு நடக்கும். முதல் சில வாரத்துல தசைக்குள்ள மாவுச்சத்து சேமிப்பு கூடும். அந்த சேமிப்பு ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணியைப் பிடிச்சு வைக்கும். அதனால எடை ஏறும், பேண்ட் இறுகும். இதைக் கொழுப்புன்னு பயந்து நிறுத்தினவங்க நிறையப் பேர்.

அடுத்தது, "தொடையை மட்டும்" குறைக்கிறது. அது முடியாதும்மா. கொழுப்பு எங்கேயிருந்து கரையணும்னு உடம்புதான் முடிவு பண்ணும், நாம இல்ல. தொடையில பிளாஸ்டிக் சுத்திக்கிட்டு ஓடினா வேர்வைதான் போகும். பொண்ணுங்களுக்கு வயசுக்கு வந்ததும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் இடுப்புலயும் தொடையிலயும் கொழுப்பைச் சேர்த்து வைக்கும், பிள்ளைப்பேறு, தாய்ப்பால் இதுக்கெல்லாம். வயித்துக்குள்ள உறுப்புகளைச் சுத்திச் சேர்ற கொழுப்பு மாதிரி இது கெடுதல் பண்றதில்ல. அதனால நீங்க கவனிக்க வேண்டிய அளவு தொடை இல்ல, வயிறு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல டேப்பைச் சுத்துங்க. நம்ம நாட்டுல பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும்னு சொல்றாங்க.

இப்ப அந்த "ஆம்பள தொடை" பேச்சு. சராசரியா ஒரு பொண்ணோட உடம்புல இருக்கிற டெஸ்டோஸ்டிரோன்ங்கற ஆண் ஹார்மோன், ஆம்பளையோட அளவுல பத்துல ஒரு பங்கு கூட வராது. வாரம் மூணு நாள் ஸ்குவாட் போட்டு யாரும் ஆம்பளை மாதிரி ஆகிட முடியாது. நம்ம தோட்டத்துப் பாட்டிங்களை நினைச்சுப் பாருங்க. விடியுறதுக்கு முன்னால எழுந்து, மேட்டுலயும் பள்ளத்துலயும் மரம் மரமா நடந்து ரப்பர் பால் வெட்டி, நிறைஞ்ச வாளியைத் தூக்கிக்கிட்டு வந்தவங்க. இன்னிக்கும் செம்பனைத் தோட்டத்துல உதிரிப்பழம் பொறுக்கிற அக்காமார் ஒரு நாளைக்கு எத்தனை தடவை குந்தி எழுந்திருக்கிறாங்க? நீங்க ஜிம்முல காசு கட்டிச் செய்றதை அவங்க வேலையாச் செய்றாங்க. பலமான தொடை நம்ம குடும்பங்களுக்குப் புதுசு இல்ல. நம்ம நாட்டு ஓட்டக்காரி எம். ராஜமணி 1964-ல தோக்கியோ ஒலிம்பிக்குல 400 மீட்டர் ஓடினாங்க. இன்னிக்கு ஸ்குவாஷ்ல சிவசங்கரி சுப்ரமணியம் ஒரு பந்துக்காக ஒரு காலை முன்னால வச்சு எவ்வளவு தாழ்ந்து போறாங்க, அதுலயிருந்து எப்படித் தள்ளி எழுந்து வர்றாங்கன்னு பாருங்க. அந்தத் தள்ளலைக் கொடுக்கிறது தொடை.

இதுல இன்னொரு முக்கியமான விஷயம், சீனி. சாப்பிட்ட பிறகு ரத்தத்துல ஏறுற சீனியில பெரும்பகுதி போய்ச் சேர்ற இடம் தசை. உடம்போட பெரிய தசைங்க கால்லதான் இருக்கு. 2019-ல எடுத்த தேசிய சுகாதார ஆய்வுல, நாட்டுல 18 வயசுக்கு மேல 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்கள்தான் அதுல அதிகம். அப்படிப்பட்ட குடும்பங்கள்ல பிறந்துட்டு, சீனியை வாங்கி வைக்கிற தசையைக் குறைக்கணும்னு நினைக்கலாமா?

அத்தையையும் அம்மாவையும் ஒரு சின்னச் சோதனை செய்யச் சொல்லுங்க, சண்டைக்காக இல்ல, உண்மையிலேயே அவங்க நல்லதுக்கு. நாற்காலியைச் சுவரோட ஒட்டிப் போடுங்க. கையை மார்புல கட்டிக்கிட்டு, முடிஞ்ச வேகத்துல 5 தடவை முழுசா எழுந்து உட்காரணும். நீங்க பக்கத்துல நில்லுங்க. 12 விநாடியோ அதுக்கு மேலயோ ஆனா கால் பலம் குறைஞ்சிருக்கலாம். அவங்களும் உங்களோட பயிற்சிக்கு வர வேண்டியதுதான். உலக சுகாதார நிறுவனம் 2020-ல சொன்னபடி, பெரியவங்க எல்லாரும் வாரத்துக்கு ரெண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி கொடுக்கணும்.

சரி, இந்த அஞ்சு மாசம் என்ன செய்யலாம்? "இருக்கிறது பிடிச்சிருக்கு, இதுக்கு மேல வளர வேண்டாம்"னு நினைச்சா அதுவும் உங்க விருப்பம்தான், தப்பில்ல. சுமையைக் குறைக்காதீங்க, செட்டைக் குறைங்க (நிறுத்தாம ஒரு மூச்சுல செய்ற தடவைங்க சேர்ந்தது ஒரு செட்). வாரத்துக்கு ஸ்குவாட் 9 செட் போட்டா 3 செட் போதும், ஒரே நாள்ல முடிச்சிடலாம். 40 கிலோ தூக்கினா 40 கிலோவே இருக்கட்டும். எல்லாரும் இதைத் தலைகீழாச் செய்றாங்க, எடையைப் பாதியாக்கி எண்ணிக்கையை 50, 100னு ஏத்துறாங்க. அதுல பலமும் நிக்காது, முழங்கால்தான் நோகும். ஸ்குவாட் மட்டுமே போடாம பின்தொடைக்கும் கொடுங்க. கம்பியோ 10 கிலோ அரிசி மூட்டையோ கையில பிடிச்சு, முழங்காலை லேசா மடக்கி, முதுகு வளையாம இடுப்பைப் பின்னால தள்ளிக் குனிஞ்சு நிமிர்றது, 10 தடவை, 3 செட். எழும்போது முழங்கால் ரெண்டும் உள்பக்கம் சாயுதுன்னா சுமை அதிகம், இல்ல இடுப்புப் பக்கத் தசை களைச்சிருச்சு. அங்கேயே நிறுத்திடுங்க.

பட்டினி மட்டும் வேண்டாம். கல்யாணத்துக்கு முன்னால ராத்திரிச் சோத்தை விட்டுட்டு சூப்பு மட்டும் குடிக்கிறவங்களுக்கு கொழுப்போட தசையும் சேர்ந்து போயிடும், மாதவிலக்கு தள்ளிப்போகலாம், முகம் வாடும். அப்புறம் மறுபடி நல்லாச் சாப்பிடும்போது எடை திரும்பி வரும், போன தசை அவ்வளவு சீக்கிரம் வராது. 60 கிலோ எடைன்னா ஒரு நாளைக்கு 72-லருந்து 96 கிராம் புரதம் வேணும். ஒரு முட்டையில 6 கிராம், சமைச்ச தெம்பே (புளிக்க வச்ச சோயாக் கட்டி) 100 கிராம்ல 19 கிராம் கிட்ட, தோல் எடுத்த கோழி நெஞ்சு 100 கிராம்ல 30 கிராம் கிட்ட இருக்கு. காலையில நாசி லெமாக்னா அதுல பெரும்பகுதி சோறுதான். அரை முட்டைக்குப் பதிலா ரெண்டு முழு முட்டை கேட்டு வாங்குங்க, சோத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கலாம்.

இப்ப ஜீன்ஸ். நிறையப் பேர் மனசை உடைக்கிறது கண்ணாடி இல்ல, கடையில துணி மாத்துற அறை. ஒரே இடுப்பளவு இருக்கிறவங்களுக்கெல்லாம் ஒரே தொடைன்னு நினைச்சு வெட்டுன துணி அது. அதனால தொடைக்குப் பார்த்து வாங்குங்க, இடுப்பைத் தையல்காரர்கிட்ட பிடிக்கச் சொல்லுங்க. கவட்டைக்குக் கீழ 2 சென்டிமீட்டர்ல உங்க தொடையை அளந்து எழுதி வச்சுக்குங்க. கடையில பேண்ட்டைத் தரையில விரிச்சு அதே இடத்துல அளந்து ரெண்டால பெருக்குங்க. இழுபடாத துணின்னா உங்க அளவை விட 4, 5 சென்டிமீட்டர் கூடுதலா இருக்கணும், எலாஸ்டேன்ங்கற இழுபடுற நூல் 2 விழுக்காடு கலந்ததுன்னா குறைவா இருந்தாலும் பரவாயில்ல. இடுப்பைப் பின்பக்க நடுத்தையல்ல 5 சென்டிமீட்டர் வரைக்கும் பிடிக்கலாம். அதுக்கு மேல பிடிச்சா பின்னால ரெண்டு பையும் ஒண்ணோட ஒண்ணு முட்டும். உள்தொடையில துணி தேய்ஞ்சு வெளுக்க ஆரம்பிச்சதுமே உள்பக்கம் ஒட்டுத்துணி வச்சுத் தைச்சிடுங்க, கிழிஞ்ச பிறகு தையல் நிக்காது.

உள்தொடை உரசல் நம்ம ஊரு வெக்கையில எல்லா அளவுக்காரங்களுக்கும் வரும். பாஜு கூரோங், சேலை கட்டுற நாள்ல முழங்காலுக்கு மேல வரைக்கும் வர்ற மெல்லிசான உள் ஷார்ட்ஸ் போடுங்க. இல்லன்னா தோல் நல்லாக் காய்ஞ்சிருக்கும்போதே பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்க. பவுடர் போட்டா வேர்வையில கட்டி கட்டியா ஆகி இன்னும் உரசும். வேர்த்த துணியை உடனே மாத்துங்க. ஓரம் சிவந்து வட்டமா பரவி அரிச்சா அது படர்தாமரையா இருக்கலாம், யாரோ கொடுத்த வெள்ளையாக்குற களிம்பைத் தடவாதீங்க. அதுல ஸ்டீராய்டு இருந்தா இன்னும் பரவும். உரசுற இடம் கறுக்கிறது சாதாரணம், எலுமிச்சை போட்டுத் தேய்க்க வேண்டாம். ஆனா கழுத்துலயும் அக்குள்லயும் வெல்வெட் மாதிரி தடிச்சுக் கறுத்திருந்தா கிளினிக்குல சீனி பார்த்துக்குங்க.

டாக்டர்கிட்ட போக வேண்டிய நேரமும் இருக்கு. ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி வலிச்சா அன்னிக்கே போங்க, ரத்தக் கட்டியா இருக்கலாம். ரெண்டு காலும் இடுப்புலருந்து கணுக்கால் வரைக்கும் ஒரே மாதிரி தடிச்சு, பாதம் மட்டும் மெலிஞ்சு, தொட்டா வலிச்சு, லேசா இடிச்சாலே கன்னிப் போனா அது லிப்பெடிமாங்கற கொழுப்பு சேர்ற நோயா இருக்கலாம். அது உங்க சாப்பாட்டுத் தப்பு இல்ல. கடுமையான பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் தே ஓ (பால் கலக்காத தேநீர்) நிறத்துல வந்தா, தசை உடைஞ்சு கிட்னிக்குப் போகுதுன்னு இருக்கலாம், உடனே மருத்துவமனை.

அத்தைக்கு நீளமா விளக்கம் சொல்ல வேண்டாம். "அத்தை, என் கால் பலமா இருக்கு, எனக்குப் பிடிச்சிருக்கு. என் உடம்பைப் பத்தி எல்லார் முன்னாலயும் பேசாதீங்க." அவ்வளவுதான். மறுபடி சொன்னா அதே வார்த்தையை அதே குரல்ல சொல்லுங்க, கூட ஒண்ணும் சேர்க்காதீங்க. முன்கூட்டியே அம்மாகிட்ட தனியாச் சொல்லி வச்சா, அம்மாவே பேச்சை மாத்திவிடுவாங்க.

கல்யாணச் சேலைக்கு, உடம்போட ஒட்டுற மீன்வால் மாதிரி உள்பாவாடை வாங்காதீங்க, மணவறையில சம்மணம் போடும்போது தொடையில இறுக்கிடும். ஆறு துண்டு வச்சுத் தைக்கிற பருத்தி உள்பாவாடை தைச்சுக்குங்க. தையல்காரர் நிக்க வச்சுத்தான் அளப்பார். நீங்க கேட்டு, தரையில சம்மணம் போட்டு உட்கார்ந்து பிட்டத்தையும் தொடையையும் சேர்த்து இன்னொரு அளவு எடுக்கச் சொல்லுங்க. அது நின்ன அளவை விடக் கூடவே வரும், அந்தக் கூடின அளவுக்குத் தைக்கச் சொல்லுங்க.