தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?

(நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது. கைதட்டலை நீக்கிவிட்டு, மேடையில் மறந்துபோன இரண்டொரு வரிகளைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, என் பேச்சில் பாதியை எனக்கு முன்பே பேசிவிட்ட தலைமையாசிரியர் அவர்களே, மழை வரும் என்று தெரிந்தும் துணிந்து பந்தல் போட்ட நூலகர் அவர்களே, மூன்று பொன்னாடை போர்த்தப்பட்டும் வியர்க்காமல் அமர்ந்திருக்கும் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, என்னிடம் உடற்பயிற்சி வகுப்பில் அடி வாங்கி இன்று பேரப்பிள்ளைகளோடு வந்திருக்கும் பழைய மாணவர்களே, எல்லோருக்கும் வணக்கம். நகர்மன்றத் தலைவருக்கு மட்டும் இரண்டு வணக்கம். இரண்டாவது எதற்கென்று கடைசியில் சொல்கிறேன்.

'உலக விளையாட்டு அரங்குகளில் வானவில்' என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். வானிலை பற்றிய பேச்சு என்று நினைத்து வந்தவர்களும் இருக்கலாம். எழுந்துவிடாதீர்கள், சுண்டல் வந்துகொண்டிருக்கிறது. தன்பால் ஈர்ப்பினர், திருநர், ஆண், பெண் என்ற இரண்டு வரையறைக்குள்ளும் அடங்காத ஊடுபால் உடல் அமைப்போடு பிறந்தவர்கள் என எல்லோருக்கும் அடையாளமாக நிற்பது அந்த வானவில் கொடி. அதைப் பற்றி மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன். முதலாவது சட்டம். இரண்டாவது கண்ணுக்குத் தெரிதல். மூன்றாவது பத்திரிகைகளின் மொழி.

சட்டத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம், ஏனென்றால் அது அழகாகத்தான் இருக்கிறது. ரஷ்யாவின் சோச்சியில் 2014 குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் தன்பால் உறவைப் பற்றிச் சிறார் காதில் விழும்படி நல்லவிதமாகப் பேசினாலே குற்றம் என்று அந்த நாடு சட்டம் போட்டிருந்தது. உலகம் முழுவதும் கூச்சல். போட்டி முடிந்து, 2014 டிசம்பரில் ஒலிம்பிக் சாசனத்தின் ஆறாவது அடிப்படைக் கொள்கையில், பாலியல் நாட்டத்தை வைத்தும் யாரிடமும் பாகுபாடு காட்டக் கூடாது என்று சேர்த்தார்கள். ஏட்டில் எல்லாம் சரி. என் பாட்டி ஒரு பழமொழி சொல்வாள்: கடலைத் தாண்ட ஆசை உண்டு, கால்வாயைத் தாண்டக் கால் இல்லை. இன்று மாலை இதை நான் இன்னும் சில முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு தொப்பியின் கதை.

வேல்ஸ் என்று ஒரு சிறிய நாடு. 1958க்குப் பிறகு 64 ஆண்டுகள் காத்திருந்து 2022இல், தன்பால் உறவு குற்றமாக இருக்கும் கத்தாரில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்துக்கு வந்தது. நம் ஊர் அணி மாநில இறுதிப் போட்டிக்குப் போனால் லாரி பிடித்துப் போவோமே, அப்படி ஒரு கூட்டம் அங்கிருந்து கிளம்பியது. அந்த ரசிகர்களுக்கு ஒரு தொப்பிப் பழக்கம் உண்டு. வாளியைக் கவிழ்த்துத் தலையில் வைத்தது போன்ற துணித்தொப்பி. அதிலேயே வானவில் நிறத்திலும் ஒன்று இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு முன்னாள் மகளிர் அணித் தலைவி லாரா மெக்கலிஸ்டர் நவம்பர் 21ஆம் தேதி அகமது பின் அலி மைதானத்துக்குப் போனார். பேராசிரியர். நாட்டுக்காக ஆடியவர். வாசலில் நிறுத்தினார்கள். கத்தி இருக்கிறதா என்று பார்த்தார்களா? தொப்பியைக் கழற்றுங்கள் என்றார்கள். ஏன் என்றார். தடை செய்யப்பட்ட சின்னம் என்றார்கள். தொப்பி ஐயா, தொப்பி! வெயில் அடித்தால் போடுவோம், மழை பெய்தால் நனையும். அவர் சும்மா விடவில்லை. எல்லோரையும் வரவேற்கிறோம் என்று உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா சொன்னதே என்று வாசலிலேயே வாதாடினார். கடைசியில் என்ன செய்தார் தெரியுமா? தொப்பியை ஒளித்து உள்ளே கொண்டுபோய்விட்டார்! திருமண மண்டபத்தில் இலை போடும் முன்பே வடையை முந்தானையில் முடிந்துகொள்ளும் என் அத்தை நினைவுக்கு வந்தாள். ஆனால் அத்தை செய்தது திருட்டு. பேராசிரியர் கொண்டுபோனது தன் தலைக்குரிய தொப்பியை.

இதற்கு இரண்டு நாள் முன்புதான் ஃபிஃபா தலைவர் இன்ஃபான்டினோ பத்திரிகையாளர்களைக் கூட்டி, இன்று நான் என்னைக் கத்தார்க்காரனாக உணர்கிறேன், ஆப்பிரிக்கனாக உணர்கிறேன், தன்பால் ஈர்ப்பாளனாக உணர்கிறேன் என்று அடுக்கினார். உணர்ந்தவர் ஒரு தொப்பியை உள்ளே விடச் சொல்லியிருக்கலாம். கால்வாய், ஐயா, கால்வாய்! அடுத்த ஆட்டத்துக்கு முன்பு தொப்பிகளுக்கு அனுமதி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேல்ஸ் ஈரானிடம் தோற்றது. அதற்குத் தொப்பி பொறுப்பல்ல.

ஏழு ஐரோப்பிய அணிகளின் தலைவர்கள் வானவில் சாயல் கைப்பட்டை அணிவதாக இருந்தார்கள். அணிந்தால் மஞ்சள் அட்டை என்று எச்சரிக்கை வந்ததும் ஏழு பேரும் பின்வாங்கினார்கள். ஜெர்மனி வீரர்கள் மட்டும் ஜப்பானுடன் மோதும் முன்பு, குழுப் படத்துக்கு நிற்கும்போது, பதினொரு பேரும் கையால் வாயைப் பொத்தி நின்றார்கள். அந்தப் படத்தை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஆட்டத்தில் தோற்றார்கள். தோற்ற அணியின் படத்தை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று பேரன் கேட்கிறான்.

படத்துக்காக மட்டும் அல்ல, அது எடுக்கப்பட்ட இடத்துக்காகவும்தான். தோகாவின் கலீஃபா மைதானம். 2022க்காகப் புதுப்பித்துக் கட்டினார்கள், பெயர் அதேதான். அதே மைதானத்தில் 2006 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி வெள்ளி வென்றார். செங்கல் சூளையில் உழைத்த பெற்றோரின் மகள். பெண்ணாக வளர்ந்து பெண்ணாகவே வாழ்பவர். பாலினப் பரிசோதனை என்ற பெயரில் அவரை மருத்துவர்கள் முன்னால் நிறுத்தினார்கள். பதக்கம் பறிபோனது. அவர் உடம்பைப் பற்றிய செய்தி தொலைக்காட்சி வழியாக வீடு வீடாகப் போனது. அன்றைய முதல்வர் கலைஞர், பதக்கம் போனால் என்ன என்று 15 லட்சம் ரூபாய் கொடுத்தார். அது பெரிய மனது. ஆனாலும் அந்தப் பெண் சில ஆண்டுகள் கழித்துச் சூளையில் செங்கல் சுமக்க நேர்ந்தது. 2016இல்தான் அரசுப் பயிற்சியாளர் வேலை நிரந்தரமானது.

இங்கேதான் என் இரண்டாவது செய்தி. கண்ணுக்குத் தெரிய வேண்டும், தெரிய வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். சாந்தியை உலகமே பார்த்ததே! அது நாம் கேட்கிற தெரிதலா? கதவை வெளியிலிருந்து யாரோ இழுத்துத் திறந்ததும் உள்ளே இருப்பவர் தெரிகிறார். அவரே தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டு வெளியே வந்தாலும் தெரிகிறார். இரண்டும் ஒன்றா?

ஒடிசாவின் நெசவாளர் வீட்டுப் பெண், ஓட்டக்காரர் தூத்தி சந்த் என்பவரைப் பாருங்கள். 2014இல், உடலில் தானாகச் சுரக்கும் ஆண் ஹார்மோன் அளவு விதியைத் தாண்டிவிட்டது என்று காட்டி அவரையும் நிறுத்தினார்கள். சாந்திக்குக் கிடைக்காத வழக்கறிஞர்கள் இவருக்குக் கிடைத்தார்கள். விளையாட்டுத் தீர்ப்பாயம் 2015இல் அந்த விதியையே நிறுத்திவைத்தது. 2019 மே மாதம், நான் ஒரு பெண்ணை விரும்புகிறேன் என்று தன் வாயாலேயே சொன்னார். ஜூலையில் நேப்பிள்ஸ் உலகப் பல்கலைக்கழகப் போட்டியில் 100 மீட்டரை 11.32 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். 2022இல் பர்மிங்காம் காமன்வெல்த் தொடக்க விழாவில் நீச்சல்குளத்துத் தங்கமகன் டாம் டேலி ஒலிம்பிக் சுடர் போலக் கைமாறி வரும் அரசியின் கோலை ஏந்தி வந்தபோது, அருகில் வானவில் கொடியோடு வந்தவர்களில் தூத்தியும் ஒருவர். காமன்வெல்த்தில் 56 நாடுகள். அன்றைய கணக்கில் 35 நாடுகளில் தன்பால் உறவு குற்றம். அவற்றில் பெரும்பாலான சட்டங்கள் பிரிட்டிஷார் எழுதி வைத்துவிட்டுப் போனவை. நம்முடைய தண்டனைச் சட்டத்தில் இருந்த 377ஆம் பிரிவும் அப்படித்தான், 2018இல்தான் அதன் பல் பிடுங்கப்பட்டது. எழுதியவர்களின் மண்ணிலேயே அந்தக் கொடி நடந்தது. (பின்னாளில் ஊக்கமருந்து விவகாரத்தில் தூத்தி தடை பெற்றதை யாரோ பின்வரிசையில் முணுமுணுக்கிறீர்கள். தெரியும். அது வேறு வழக்கு, இதோடு முடிச்சுப் போடாதீர்கள்.)

2030 காமன்வெல்த் போட்டி நம் அகமதாபாத்துக்கு வருகிறது. மகிழ்ச்சி. கடல் வீட்டு வாசலுக்கே வருகிறது. கால்வாயைப் பற்றி நான் பேச வேண்டாமா?

நம் விளையாட்டுத் திடலின் உடை மாற்றும் அறை உங்களுக்குத் தெரியும். தகரக் கதவு. தாழ்ப்பாள் இருக்கிறது, வெளிப்பக்கத்தில்! உள்ளே இருப்பவரைப் பூட்டி வைக்கலாம், அவராகப் பூட்டிக்கொள்ள முடியாது. நான் வேலையில் இருந்தபோது 400 மீட்டர் ஓடும் ஒரு பிள்ளை இருந்தது. எந்தப் பள்ளி, எந்த ஆண்டு என்று சொல்ல மாட்டேன். சீருடைக்கு உள்ளேயே ஓட்ட உடையைப் போட்டுக்கொண்டு, சித்திரை வெயிலில் இரண்டு அடுக்குத் துணியோடு வரும். அந்த அறைக்குள் ஒரு நாளும் போனதில்லை. சோம்பேறித்தனம் என்று நான் திட்டியிருக்கிறேன். மண்டல அளவிலான போட்டிக்குப் பெயர் கொடுத்த பிறகு வரவேயில்லை. எனக்குக் காரணம் புரிய இருபது வருடமாயிற்று.

மூன்றாவது செய்தி... நூலகர் மணியைக் காட்டுகிறார். பத்திரிகை மொழியைப் பற்றி அடுத்த ஆண்டு கூப்பிட்டால் பேசுகிறேன்.

நகர்மன்றத் தலைவர் அவர்களே, இரண்டாவது வணக்கம் இதற்குத்தான். ஒரு உட்பக்கத் தாழ்ப்பாள், நான்கு திருகாணி, ஒரு ஆசாரியின் அரை நாள் கூலி. ஏற்கெனவே இரண்டு மனுக் கொடுத்தேன், பார்க்கலாம் என்றீர்கள். மூன்றாவது மனு வாசல் மேசையில் சுண்டல் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சுண்டலை எடுத்துக்கொள்ளுங்கள். பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன், சென்ற ஆண்டு யாரோ கொண்டுபோய்விட்டார்கள்.