கிளினிக் கொப்பி இருக்கா?

வணக்கம். முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்குப் போய் வந்தவர்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. பறைமேளம் அதிரும்போது ஒரு பெண்ணுக்கு உரு வரும். குரல் மாறும், நடை மாறும், வீட்டில் வாய் திறக்காத மனிசி புருசனையே ‘டேய்’ என்பார். நாங்கள் கும்பிடுவோம். டொக்டரின் துண்டு எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

அதே பெண் ஒரு சாதாரண நாளில், அடுப்படியில் நின்றுகொண்டு, ‘எனக்குள்ள இன்னும் ரெண்டு பேர் இருக்கினம்’ என்றால்? அப்படி ஒரே உடம்பில் பலராக வாழ்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் சிலர் ஒன்றுகூடவும் செய்கிறார்கள். அந்தக் கூட்டத்தின் வாசலில் நடப்பதைப் பற்றித்தான் இன்று என் பேச்சு.

ஓரிடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். புதுக்குடியிருப்புப் பக்கத்து அம்மா ஒருவர் புதிதாக வந்திருந்தார். அவருக்குள் ஒரு சின்னப் பிள்ளை உண்டு. அவள் வந்தால் தேத்தண்ணிக்குச் சீனி கூடக் கேட்பாள். அம்மாவுக்கோ நீரிழிவு! ஆனால் அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம்: ஒரு கரண்டி, அதற்கு மேல் இல்லை. யாருக்கும் தொந்தரவில்லை. இதைக் கேட்டதும் அங்கே மூத்தவர் ஒருவர், நிவாரணக் கியூவில் அட்டை கேட்பதுபோல, ‘கிளினிக் கொப்பி இருக்கா?’ என்றார். டொக்டர் நோயை எழுதிக் கொடுக்கும் கொப்பியைத்தான் கேட்டார். அம்மா பையைத் துழாவிக் கொப்பியை எடுத்து நீட்டினார். பார்த்தால் பிறஷர் கிளினிக் கொப்பி. எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை.

கேட்டவர் பொல்லாதவரும் அல்ல. ‘நடிக்கிறாய்’ என்று சொந்தத் தமையனிடமே பேச்சு வாங்கியவர். பல வருசம் அலைந்து, கொழும்பில்தான் அவருக்கு இது இன்ன நோய் என்று எழுதிக் கொடுத்தார்கள். கண்டவர்களையும் சேர்த்தால் தன்னையும் நம்பமாட்டார்கள் என்ற பயம் அவருக்கு. விளங்குகிறது. ஆனாலும் அந்தக் கொப்பியில் என்னதான் இருக்கிறது?

அமெரிக்க உளமருத்துவக் கையேடு 1980இல் ‘பல ஆளுமைக் கோளாறு’ என்று இதைத் தனியாக எழுதியது. 1994இல் பெயரை மாற்றியது. 2013இல் தெய்வமோ ஆவியோ ஏறியதுபோன்ற அனுபவத்தையும் அந்த விளக்கத்துக்குள் கொண்டுவந்தது. ஊர் ஏற்றுக்கொண்ட சமய வழக்கத்தைக் கோளாறாக எண்ணாதே என்றும் அதே கையேடு சொல்கிறது. அப்புறம் இன்னொன்று, இதைக் கவனியுங்கள்: ஆளுக்குத் துன்பமோ, அன்றாட வாழ்க்கையில் இடைஞ்சலோ இருந்தால்தான் அது கோளாறு. அப்படியென்றால் உள்ளே இருப்பவர்களோடு ஒத்துப்போய் வாழும் நம் சீனிக்கார அம்மாவுக்கு எந்த டொக்டரும் துண்டு எழுதமாட்டார். கொப்பி கேட்டால், துன்பப்படுகிறவர் மட்டும்தான் உள்ளே வரலாம். குணமானவரை என்ன செய்வது, வெளியே அனுப்புவதா?

இன்னும் ஒன்று. இதைக் கண்டுபிடிக்க ஆறுதலாக இருந்து பேசவேண்டும். நெரிசலான கிளினிக்கில் அதற்கு நேரம் எங்கே? மாங்குளத்துக்கு உள்ளே இருந்து ஒருவர் பஸ் பிடித்துப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். கொப்பி இல்லாதவர் பொய்க்காரர் என்றால், வன்னியில் பாதிப்பேர் பஸ் கிடைக்காத பொய்க்காரர்தான்.

சிறுவயதுக் கொடுமையால் இப்படி ஆனவர்கள்தான் அசல், மற்றவர்கள் போலி என்று வெளிநாடுகளிலும் இதே சண்டை. 2009 போரைக் கடந்து வந்த சனத்திடம் உன் காயத்தைக் காட்டு என்று கேட்க எனக்கு மனம் வராது.

தயாரிப்பாளர் கை காட்டுகிறார். கற்பூரத்தை உள்ளங்கையில் கொளுத்தி உருவைச் சோதிக்கும் பூசாரிமாரைப் பற்றியும் சொல்ல இருந்தேன், சரி, இன்னொரு நாள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: நேரம் போனதே தெரியாமல் நினைவு அறுகிறது, தன்னையே காயப்படுத்தத் தோன்றுகிறது என்றால் கூட்டத்தைப் பார்த்திருக்க வேண்டாம், ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். போக வசதியில்லையா, 1926க்கு அழையுங்கள், இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம் அது. வணக்கம்.